கழற்றும் நாளை முதலில் யோசியுங்கள்: வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகங்கள்

ரசம் சாதத்தில் ஒரு நகம் கிடந்தது. என் நகம்தான். வலது கை மோதிர விரலில் காலையில் ஒட்டிய இளஞ்சிவப்பு நகம், தீபாவளி மதியச் சாப்பாட்டில் கறிவேப்பிலையோடு கறிவேப்பிலையாக ஒதுங்கியிருந்தது. அந்தக் கையில் மிச்சமிருந்த நான்கும் மட்டன் குழம்பின் மஞ்சளைக் குடித்து, காமாலை வந்தவள் விரல் மாதிரி ஆகிவிட்டன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கியூட்டெக்ஸ் போட்டிருந்தா போதாதாடி?” என்று மட்டும் கேட்டார்.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அதற்குப் பிறகு சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் நாலறை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒட்டு நகம், புற ஊதா விளக்கில் இறுகும் ஜெல், பாலிஜெல், ஒரே ஒருமுறை அக்ரிலிக் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது அக்கா மகள் வந்து நிற்கிறாள். தை மாதம் அவள் அண்ணன் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் தாலி, மாலையில் விருந்து. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் மருத்துவமனை வார்டில் இருக்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறாள். இது அவளுக்குப் பயிற்சிக் காலம்.

“சித்தி, கடையில நகம் நீட்டி வைக்க நூறு வெள்ளிக்கு மேல கேக்குறாங்க. வீட்லயே பண்ணிக்கலாமா? எது நல்லது?”

எது நல்லது என்று சொல்வதற்கு முன், அதை எப்படிக் கழற்றப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். பெட்டியின் முன்பக்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எப்படி எடுப்பது என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். பட்டுத் தெளிந்தபின் நான் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். அவள் விஷயத்தில் இது விருப்பம் சார்ந்ததும் இல்லை. நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் வைத்துக்கொள்ளக் கூடாது, சொந்த நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 கைச் சுத்த வழிகாட்டி சொல்கிறது. நகத்துக்கு அடியில் கிருமி தங்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது என்பதுதான் காரணம். ஆக, ஞாயிறு ராத்திரி பத்து நகமும் வந்துவிட வேண்டும். அடியில் உள்ள நகமும் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

ஒட்டு நகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பிரஸ்-ஆன் என்று விற்பது இதைத்தான். டைசோ மலிவுக் கடையில் இரண்டு வெள்ளி (எங்கள் ஊர் டாலர்) சொச்சத்துக்குக் கிடைக்கும். மருந்துக்கடைச் சங்கிலிகளில் பத்து முதல் இருபது வெள்ளி. இணையத்தில் மூன்று வெள்ளியிலிருந்து கையால் வரைந்த ஐம்பது வெள்ளிச் செட்டு வரை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி இல்லை என்ற காலம் போய்விட்டது. 2023 ஜனவரி முதல் சின்னப் பொட்டலத்துக்கும் பொருள் சேவை வரி விழுகிறது, இப்போது 9 விழுக்காடு.

ஒட்டு நகத்தில் பலர் தோற்பது அளவில். ஒரு பெட்டியில் பொதுவாக 24 நகம், 12 அளவு. உங்கள் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தொட வேண்டும், தோலின் மேல் ஏறக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்துப் பக்கவாட்டில் அரத்தால் ராவிக்கொள்ளலாம். சின்னதை ஒட்டினால் ஓரம் கிளம்பி, தலைமுடியில் சிக்கி, சாயங்காலத்துக்குள் கையோடு வந்துவிடும். என் கட்டைவிரலுக்குப் பொருந்தும் நகத்தை இன்றுவரை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. அது என் அப்பா வழிச் சொத்து.

ஒட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, ஜெல்லி மாதிரி இருக்கும் இருபக்க ஒட்டு ஸ்டிக்கர். நம் ஊர்ப் புழுக்கத்தில் எனக்கு இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் விரலை ஊறவைத்து, ஓரத்தில் மரக்குச்சியை நுழைத்தால் நகம் நோகாமல் வந்துவிடும். மறுபடி ஒட்டிக்கொள்ளவும் முடியும். இன்னொன்று பசை. ஒரு வாரம், சில நேரம் பத்து நாள்கூடப் பிடிக்கும்.

பசையைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. நகப் பசையும் சூப்பர் குளூவும் ஒரே குடும்பம். சயனோஅக்ரிலேட் என்பது அதன் பெயர். இது பருத்தியில் பட்டால் வேகமாக இறுகிச் சூடாகும், தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். கொட்டிய பசையைப் பஞ்சால் துடைப்பதும், பருத்திச் சுடிதாரோடு மடியில் வைத்து ஒட்டுவதும் வேண்டாம். இரண்டாவது, அந்தக் குட்டிப் பாட்டில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் பாட்டில் மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டு மேசையில் அப்பாவின் கண் மருந்து எப்போதும் இருப்பதால், என் பசை பாட்டில் சிவப்பு டப்பாவுக்குள் வைத்துப் பூட்டப்படுகிறது.

இனி மஞ்சள். வலைக்காணொளிகளில் நகம் ஒட்டிக் காட்டும் பெண்கள் யாரும் பிசைந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, அதனால் இதை அவர்கள் சொல்வதும் இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் எண்ணெயில் கரையும். குழம்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வெளிர் நிறம், அதிலும் பளபளப்பில்லாத மேட் பூச்சு என்றால் ஒரே வேளைச் சாப்பாட்டில் நிறம் ஏறிவிடும். சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. ஆனால் குர்குமினுக்கு வெயில் ஆகாது. சாம்பார் கறை போகாத பிளாஸ்டிக் டப்பாவைப் பாட்டி மாடியில் காயவைப்பாரே, அதே வைத்தியம்தான். கழற்றிய நகங்களை ஒரு தட்டில் பரப்பித் துணி காயும் ஜன்னல் பக்கம் இரண்டு பகல் வைத்தேன். மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. விரலிலேயே இருக்கும் ஜெல்லுக்கோ அக்ரிலிக்குக்கோ இந்த வசதி கிடையாது. மெரூன், கரும்பச்சை, ஒயின் நிறம் என்று அடர்த்தியாகத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினையே இல்லை. பட்டுப்புடவைக்கும் அதுதான் எடுக்கும்.

நகத்தில் ஒட்டி விளக்கில் காட்டும் ஜெல் ஸ்டிக்கரும் உண்டு. பாதி இறுகிய ஜெல்லை ஸ்டிக்கராக வெட்டி விற்கிறார்கள், கொரிய ஓஹோரா இதில் பெயர்போனது. அழகுதான், வேலையும் சுலபம். ஆனால் நகத்தை நீட்டாது. இருக்கும் நகம் போதும் என்பவர்களுக்கு மட்டும்.

இரண்டு மூன்று வாரம் நிற்க வேண்டும், நீளமும் வேண்டும் என்றால் என் ஓட்டு சாஃப்ட் ஜெல் டிப்ஸுக்கு. முழு நகத்தையும் மூடும் மெல்லிய ஜெல் நகம், பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் வரும். உங்கள் நகத்தின் பளபளப்பை லேசாக ராவி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, டிப்ஸின் உட்பக்கம் ஜெல் வைத்து, நகத்தின் அடியிலிருந்து நுனிவரை காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி, விளக்கில் இறுக வைக்க வேண்டும். முதல் தடவை பத்து விரலுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. வலது கையில் ஒட்டும்போது இடது கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. நான்காவது தடவை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

செலவு? விளக்கு 25 வெள்ளி, டிப்ஸ் 10, ஜெல் 12, அடிப்பூச்சும் மேல்பூச்சும் 15, ஜெல்லைக் கரைக்கும் அசிட்டோனும் அரமும் 8. ஏறத்தாழ 70 வெள்ளி. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு மூன்று வெள்ளிதான். கடையில் ஒரு தடவை கொடுப்பதைவிட இது குறைவு என்றுதான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். வருடத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு தீபாவளி என்றால் இறங்க வேண்டியதில்லை. அந்தக் காசில் ஐந்து நல்ல ஒட்டு நகப் பெட்டி வாங்கலாம். அல்லது வீட்டிலிருந்தே நகம் செய்துகொடுக்கும் பெண்கள் பக்கத்து புளோக்கிலேயே இருப்பார்கள். கடைவிலையில் பாதிக்குச் செய்வார்கள், கழற்றியும் விடுவார்கள்.

ஜெல்லில் காசைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வாமை. இறுகாத ஜெல்லில் மெத்தக்ரிலேட் சேர்மங்கள் உண்டு. அவற்றில் ஹீமா என்று சுருக்கமாகச் சொல்வது முக்கியமான குற்றவாளி. தோலில் பட்டுப் பட்டு, ஒருநாள் உடம்பு இதை எதிரியாக முடிவுகட்டிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் அதே கதைதான். நகத்தைச் சுற்றி அரிப்பு, விரல் நுனியில் தோல் உரிவது, கையால் தொட்ட கண்ணிமையில்கூடத் தடிப்பு. வீட்டு ஜெல் பெட்டிகளால் இது கூடுகிறது என்று பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் ஹீமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ என்ற இன்னொரு பொருளுக்கு 2025 செப்டம்பர் முதல் அங்கே தடையே வந்துவிட்டது. ஆகவே மூன்று வெள்ளிக்கு உள்ளடக்கம் எழுதாத ஜெல் கிடைத்தால் அது மலிவு இல்லை. ஹீமா இல்லாதது, டிபிஓ இல்லாதது என்று பட்டியலோடு விற்பதைத் தேடி வாங்குங்கள். தோலில் ஒரு சொட்டுப் பட்டாலும் விளக்கில் காட்டுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள்.

விளக்கும் இதோடு சேர்ந்த விஷயம். ஜெல் இறுகுவது 365, 405 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட அலைநீள ஒளியில். விளக்கு சோடையாக இருந்தால் மேலே கெட்டியாகி உள்ளே பச்சையாகவே இருக்கும். பாதி வெந்த இட்லி மாதிரி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் பச்சை ஜெல்தான் நாள் கணக்காகத் தோலோடு உறவாடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பாமல், ஜெல் தயாரிப்பவர் எந்த விளக்கைச் சொல்கிறாரோ அதையே வாங்குவது உத்தமம். விளக்கோடு வரும் மின் அடாப்டரில் நம் ஊர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். என் முதல் விளக்கின் அடாப்டரில் அது இல்லை. மூன்றாம் முறை சொருகியபோது பிளாஸ்டிக் வாடை வந்தது, தூக்கிப் போட்டேன்.

அரிப்பு தொடங்கியபின் “இந்தத் தடவை மட்டும்” என்று ஒட்டாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டினால் தேவைப்படும்போது மண்டலே சாலையில் உள்ள தேசியச் சரும நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். எதனால் ஒவ்வாமை என்பதை முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து கண்டுபிடிக்கலாம்.

அக்ரிலிக் கதையே வேறு. 1954-ல் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்துபோன தன் நகத்தைப் பல்லுக்கு வைக்கும் அக்ரிலிக்காலும் அலுமினியத் தாளாலும் சரிசெய்துகொண்டார், அங்கிருந்து பிறந்ததுதான் இது என்பார்கள். பல் வைத்தியர் கொடுத்த பொருள், ஒவ்வாமை வந்தால் பல் வைத்தியரிடமும் நமக்குச் சிக்கல்தான்: பல் அடைக்கும் பொருளிலும் இதே குடும்பச் சேர்மங்கள் உண்டு. தூளையும் திரவத்தையும் தூரிகை நுனியில் சேர்த்து உருண்டையாக எடுத்து நகத்தில் பரப்புவார்கள். திரவம் எத்தில் மெத்தக்ரிலேட்டாக இருக்க வேண்டும். முன்பு மெத்தில் மெத்தக்ரிலேட் (எம்எம்ஏ) புழங்கியது; நகம் சிதைவதாகவும் தோல் அழற்சி வருவதாகவும் புகார் வந்து, 1970-களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம்வரை போய்ச் சுத்த எம்எம்ஏ கொண்ட பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்ற வைத்தது. இன்றைக்கும் ரொம்ப மலிவான திரவத்தில் அது இருக்கக்கூடும்.

நான் செய்த அன்று வெளியே மழை, ஜன்னலை அடைத்திருந்தேன். ஐந்தாவது விரலுக்குள் வீடு முழுக்க வாடை. “பெயின்ட் அடிக்கிறியா?” என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) தாழ்வாரத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நம் சூட்டில் உருண்டை பரப்புவதற்குள் இறுகிவிடுகிறது. அதனால் நகம் நகமாக இல்லாமல் கடலை மிட்டாய் மாதிரி கட்டி கட்டியாக வந்தது. ராவும்போது பறந்த தூசி சாமி படம்வரை படிந்தது. கைதேர்ந்தவர்கள் கையில் அக்ரிலிக் அற்புதம், உறுதியிலும் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில், காணொளி பார்த்துச் செய்யும் பொருள் இது இல்லை.

பாலிஜெல் இரண்டுக்கும் நடுவில். பற்பசை போல் குழாயில் வரும், வாடை இல்லை, அச்சில் வைத்து அழுத்தி விளக்கில் காட்டினால் போதும். ஒட்டுவது இன்பம், எடுப்பது துன்பம். அசிட்டோனில் லேசில் கரையாது, பெரும்பகுதியை ராவித்தான் எடுக்க வேண்டும். பழக்கமில்லாத கை எங்கே பாலிஜெல் முடிகிறது, எங்கே சொந்த நகம் ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ராவிவிடும். எனக்கு அப்படி நடந்த ஆள்காட்டி விரலில் வெந்நீர் பட்டாலே சுரீர் என்றது.

கழற்றுவது பற்றி நான் இவ்வளவு புலம்புவதற்கு வேறொரு நாளும் காரணம். சாஃப்ட் ஜெல் ஒட்டி இரண்டாவது வாரம், வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். சுண்டுவிரலில் ஓரம் கிளம்பியிருந்தது. கை சும்மா இருக்குமா? யீஷூன் வருவதற்குள் மூன்று நகத்தைப் பிய்த்துவிட்டேன். ஒவ்வொன்றோடும் என் நகத்தின் மேல் படலமும் உரிந்து வந்தது. வீட்டில் விளக்கடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளைத் திட்டு, அழுத்தினால் காகிதமாக வளைந்தது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புதுசு வர ஆறு மாதம். ரயிலில் இருபது நிமிடம் பிய்த்ததற்கு அரை வருடம் காத்திருந்தேன். கிளம்பிய ஓரத்தை அப்படியே விட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். உள்ளே ஈரம் தங்கி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். அதன்மேல் இன்னொரு பூச்சு பூசி மறைத்தவரையும் எனக்குத் தெரியும்.

முறையாக எடுப்பது இப்படி: நீளத்தை வெட்டிவிட்டு, மேல்பூச்சை ராவி, சுற்றுத் தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துச் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி 15, 20 நிமிடம் பொறுமையாக உட்கார வேண்டும். ஜெல் கூழாகிக் கிளம்பும்போது குச்சியால் தள்ளினால் போதும், சுரண்டக் கூடாது. வராவிட்டால் இன்னொரு ஐந்து நிமிடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாமி விளக்கு எரியும் நேரத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள். அசிட்டோன் ஆவி வெகுதூரத்திலிருந்தே தீயைப் பிடிக்கும். பெரிய பாட்டில் வாங்கினால் பேட்டைக் கடையில் வாங்கி நடந்தே வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. எரியக்கூடிய பொருளுக்கு 5,000 வெள்ளி அபராதம் என்று ரயிலில் போட்டிருக்கும் படத்தின் கீழே, பையில் அரை லிட்டரோடு நின்ற அந்தப் பயணம் எனக்கு நீண்ட பயணம். தயாரிப்பைப் பொறுத்து இன்னொன்றும் உண்டு: ஹார்ட் ஜெல் என்று விற்பது அசிட்டோனில் கரையவே கரையாது. வாங்கும்போதே ஊறவைத்து எடுக்கக்கூடியதா என்று பாருங்கள்.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்ப ஒட்டு நகம்தானா சித்தி?” ஆமாம். ஞாயிறு ராத்திரி விருந்து முடிந்து வந்து இருபது நிமிடம் அலுமினியத் தாளோடு உட்கார அவளுக்குத் தெம்பு இருக்காது, திங்கட்கிழமை வார்டில் உரிந்த நகத்தோடு நிற்கவும் முடியாது. கிருமிநாசினி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை படும் கை அது. அதே கேள்வியை என் அலுவலகத் தோழி கேட்டிருந்தால் சாஃப்ட் ஜெல் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கரண்டியால் சாப்பிடுகிறவர், மாதாமாதம் செய்துகொள்ளும் பொறுமையும் இருக்கிறது.

மருதாணி எப்போது என்பதில்தான் வாக்குவாதம். சனிக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். மருதாணி சிவக்க எலுமிச்சையும் சர்க்கரையும், பிறகு எண்ணெயும் தடவுவோம். எண்ணெய் ஏறிய நகத்தில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. வியாழக்கிழமையே போட்டுவிட்டு, ஞாயிறு விடியற்காலை நகத்தை மட்டும் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடைத்துவிட்டு ஒட்டுவது என்று முடிவானது. நீளமான பாதாம் வடிவம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். வாழையிலையில் பாயாசம் எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டதும் நடுத்தர நீளத்துக்கு இறங்கி வந்தாள். மெரூன், பன்னிரண்டு வெள்ளிப் பெட்டி.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். காலை பத்து மணிக்கு ஒட்டினோம். கோப்பிக்கடையில் மட்டன் கொத்து பரோட்டாவைக் கையால் சாப்பிட வைத்தேன். வந்து பாத்திரம் கழுவச் சொன்னேன். அதற்கு மட்டும் முகத்தைத் தூக்கினாள். சாயங்காலம் தலை வாரிப் பின்னிக்கொண்டபோது வலது கட்டைவிரல் நகம் கழன்று சீப்பில் தொங்கியது. மற்ற ஒன்பதும் ராத்திரி எட்டு மணிவரை அப்படியே இருந்தன. வெந்நீரில் வைத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டன. அடியில் நகம் எந்தத் திட்டும் இல்லாமல் இருந்தது. கல்யாணத்தன்று வலது கட்டைவிரலுக்கு மட்டும் ஸ்டிக்கரின் நடுவில் ஒரு பொட்டுப் பசை வைக்கப் போகிறோம்.